நல்லாருக்கு தாயி

மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஆராய்ச்சிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டி பேசுவது, செத்துப்போன மகன் இசக்கிராஜின் பழைய போன் பேச்சிலிருந்து எடுத்த குரலில். "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று அது கேட்கும்போதெல்லாம் முப்பிடாதி காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். பெட்டியை வீட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை இன்றோடு முடிகிறது. வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆராய்ச்சிக்காரப் பெண் நாலு மாடி ஏறி, வேர்க்க விறுவிறுக்க வந்தாள். வீடு தேடி வந்த பிள்ளையின் முகம் வாடலாமா? முப்பிடாதி காபி கொடுத்தாள்.

"பெட்டி எப்படிம்மா இருக்கு? கஷ்டமா இருந்தா தயங்காம சொல்லுங்க."

"நல்லாருக்கு தாயி. ஒரு குறையுமில்ல."

"அப்போ இதே குரலையே எல்லா வீட்டுக்கும் வச்சிடறோம்மா!"

மறுவாரம் காலையில், குடியிருப்பின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் இசக்கிராஜ் கூப்பிட்டான்: "அம்மா, மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேன்யா ராசா," என்றாள் எதிர்வீட்டுக்காரி.