மாவாகும் சரளை

ரோலர் ஏறி இறங்கியதும் சரளைக்கல் நொறுங்கி மாவானது. மூன்று மணிக்கு அந்த மண்சாலையில் பஸ் வெள்ளோட்டம். அது தடையில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் ஊருக்கு பஸ் விடுவார்கள். இல்லையென்றால் ரோலர் ஓட்டும் இருளப்பனின் மகள், டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லாமல் எட்டாவதோடு நிற்க வேண்டியதுதான்.

“இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டுங்கண்ணே, இறுகிரும்” என்றான் மேஸ்திரி சவரிமுத்து.

“ஓட்ட ஓட்டப் பவுடராத்தாம்ல போகும். கல்லு கேட்டா முறுக்கக் கொண்டாந்து கொட்டியிருக்க.”

“அப்ப தண்ணியடிப்போம். புழுதியாவது அடங்கும்.”

“அடங்கும். பஸ்ஸு வழுக்கும்.”

அதற்குள் தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போயிருந்தது. சாலை சிவப்பாக, பார்க்கப் புதுசாக இருந்தது. முனையில் பஸ் திரும்பியதும் இருளப்பன் செருப்பை உதறிவிட்டு அதற்கு முன்னால் நடந்தார். வெறுங்காலால் மிதித்துப் பார்த்து, கெட்டியான இடமாகக் கைகாட்டினார். பஸ் அவர் தடத்திலேயே ஊர்ந்து வந்தது. பாதி தூரத்தில் வலதுகால் பாதம் முழுக்கப் புதைந்தது. பஸ் ஜன்னலில், வெள்ளோட்டம் பார்க்க வந்த அதிகாரி தலையை நீட்டினார்.

“என்னய்யா, ரோடு தாங்குமா?”

காலை எடுத்தால் குழி தெரிந்துவிடும். இருளப்பன் அப்படியே நின்றுகொண்டு, இன்னும் மிதித்துப் பார்க்காத இடதுபக்கத்தைக் காட்டினார்.

“தாராளமா வாங்க சார்.”