சக்களத்திக்குப் புது விளக்கு

"எதிர்க்கடை போர்டுல கடைசி வரியைப் படிங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

அச்சகக்காரர் முறைத்தார். ஆனாலும் படித்தார். கடைசி வரியோடு நிற்காமல், மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருந்த பெயின்டரின் பெயரையும் படித்து, அதில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதையும் சொன்னார். காலமெல்லாம் அச்சுப்பிழை பார்த்த கண்.

"கோளாறு என் கண்ணுல இல்ல தம்பி. வண்டியிலதான். இன்னும் வெளிச்சம் பத்தல."

எலக்ட்ரீஷியனுக்குத் தலை சுற்றியது. அந்தப் பழைய காரை அவர் பார்ப்பது இது மூன்றாவது தடவை. முதலில், மினுக் மினுக்கென்று எரிந்த பல்பைத் தூக்கிவிட்டு ஹாலஜன் போட்டார். அடுத்து, கறுத்துப்போன ரிஃப்ளெக்டரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பிரமாதம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போன மனிதர், நாலு நாளில் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்.

சரி, இதுதான் கடைசி வைத்தியம் என்று பேட்டரியிலிருந்து நேராகப் புது வயர் இழுத்து, நடுவே ஒரு ரிலே வைத்தார். பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றிப் போனால் பாதி கரண்ட் வழியிலேயே செத்துவிடும். இனி பல்ப் முழு மூச்சில் எரியும். கூடவே, வாயடைத்துக் கிடந்த ஹாரனையும் சும்மாவே பார்த்துத் தருவதாகச் சொன்னார்.

"ஹாரன் வேண்டாம். அடிச்சு என்ன பிரயோஜனம்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. அதனால் கார் வாங்கிய நாளிலிருந்து, தெருமுனை திரும்பியதும் இவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்து எரிப்பார். ஜன்னலோரம் காத்திருக்கும் அந்த அம்மா எழுந்து வந்து கேட்டைத் திறப்பார். ஒரு மாதமாக அவர் வருவதில்லை. இவரே இறங்கித் திறந்துகொண்டு போகிறார்.

"உள்ள நுழைஞ்சதும், 'வெளிச்சம் வந்தாத்தானே நான் வருவேன்'னு குத்திக் காட்டறா. என் வாயைப் பார்த்தாத்தானே அவளுக்கு என் பேச்சு புரியும்? அந்த முகத்தையே திருப்பிக்கிறா."

அந்தக் காரை வீட்டம்மா 'சக்களத்தி' என்றுதான் சொல்வாராம். சக்களத்திக்கு இப்படி மாறி மாறி அலங்காரம் பண்ணினால் எந்தப் பெண்டாட்டிதான் கேட்டைத் திறப்பாள் என்று எலக்ட்ரீஷியன் கேலி செய்தார்.

அச்சகக்காரர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. முகத்தைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். அது ரோஸ் கலரில் பூப்போட்ட கைக்குட்டை. தினமும் மடித்துப் பையில் வைப்பது அந்த அம்மாதான்.

"பாருங்க, வேணும்னே அவளோடதை வச்சு அனுப்பறா. அச்சகத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க." குரல் சட்டென்று இறங்கியது. "சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி. வாசல்ல போய் நின்னு, யாரும் வரலைன்னா நெஞ்சை அடைக்குது."

பார்க்கவே பாவமாக இருந்தது. வெளிச்சம் எங்கேதான் குறைகிறதென்று தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி, எலக்ட்ரீஷியன் பட்டறையைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

தெருமுனை திரும்பும்போது இருட்டிவிட்டிருந்தது. அச்சகக்காரர் லைட்டைப் போட்டதும் தெரு பட்டப்பகலாயிற்று. எதிரே சைக்கிளில் வந்தவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு திட்டினான். நடுத்தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓரமாகப் போனது. இதற்கு மேல் வெளிச்சம் வேண்டுமென்றால் சூரியனைத்தான் கழற்றி வந்து மாட்ட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டார்.

வண்டி கேட்டுக்கு முன்னால் நின்றது. லைட் இரண்டு தடவை அணைந்து எரிந்தது.

அந்த அம்மா வீட்டுக்குள்கூட இல்லை. வாசற்படியிலேயே தெருப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். இரண்டு விளக்கின் வெளிச்சமும் நேராக அவர் முகத்தில்தான் விழுந்தது. நரைமுடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறா. அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன் நான்" என்றார் அச்சகக்காரர். லைட்டை அணைக்கக்கூடத் தோன்றாமல் இறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு போய், மனைவியின் கையைப் பிடித்தார்.

அந்த அம்மா திடுக்கிட்டார். பிடித்த கையைத் தடவிய பிறகுதான் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? ஏங்க, இன்னைக்கும் லைட்டைப் போடாமயா வந்தீங்க?"