இன்னும் கொஞ்சம் மங்கலாக

“இன்னும் கொஞ்சம் மங்கலா வேணும் தம்பி.”

கடைக்காரன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். கேசட்டோ, சிடியோ, டிவி பதிவோ, எதைக் கொண்டு வந்தாலும் வேறு ஃபார்மட்டுக்கு மாற்றித் தருவது அவன் தொழில். தெளிவாக இல்லை என்று சண்டைக்கு வந்தவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். மங்கலாக வேண்டும் என்று கேட்டு வந்தது இந்தப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்தான்.

“அண்ணே, பொறுமையாக் கேளுங்க. உங்க டிவி பெட்டி எம்பெக் டூ ஃபார்மட்ல பதிவு பண்ணியிருக்கு. ரொம்ப இடம் அடைக்கும். எச் டூ சிக்ஸ் ஃபோர்ல மாத்தினா பாதி இடம் போதும், தெளிவு குறையாது. எச் டூ சிக்ஸ் ஃபைவ்னா அதுலயும் பாதி. அப்பவும் தெளிவு குறையாது.”

“எல்லாமே தெளிவுதானா?” ஓட்டுநரின் முகம் வாடிவிட்டது. “மங்கலுக்குன்னு ஒண்ணும் இல்லையா?”

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரனின் அக்கா, பில் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஃபைல் சின்னதா வேணுமாண்ணே? இடம் பத்தலையா?”

“இடத்தைப் பத்திக் கவலையில்ல. படம் மங்கலா இருக்கணும். குரல் மட்டும் கணீர்னு கேக்கணும். அதைத் தொட்டுடாதீங்க.”

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். பிறகு படத்தை இஷ்டத்துக்கு நசுக்கிக் காட்டினான். திரையில் டிவி தொடரின் கதாநாயகியின் கன்னம் துண்டு துண்டாக உடைந்தது.

“இது போதுமா?”

“ஐயையே, டைல்ஸ் ஒட்டின மாதிரி கட்டம் கட்டமா இருக்கே! குளியலறைக் கண்ணாடியில ஆவி படிஞ்சா எப்படி இருக்கும்? அப்படி வேணும். ஆள் நிக்கறது தெரியணும். யாருன்னு தெரியக்கூடாது.”

“யாருக்குண்ணே இது? ஆகாத சம்பந்திக்கா?” என்றாள் அக்கா.

“என் வீட்டுக்காரிக்கும்மா.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“இந்தத் தொடர்னா அவளுக்கு உசுரு. ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு பாகம் விடாமப் பதிவு பண்ணி வெச்சேன். வீட்டுக்கு வந்ததும் ஆசையாப் போட்டுக் காட்டினா, ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கறா. தினமும் இதே கதைதான். பேச்சும் இல்ல, சரியாச் சாப்பாடும் இல்ல. பழையபடி என் பக்கத்துல வந்து உட்காரணும். அவ்வளவுதாம்மா என் வேண்டுதல்.”

“மங்கலாப் போட்டா இன்னும் சீக்கிரமா எழுந்து போவாங்களே!”

“போக மாட்டா.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களுக்குத் தெளிவு பிடிக்கலைன்னா, டிவி பார்க்கப் போடற கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் பாருங்களேன்” என்றாள் அக்கா.

“எனக்கு ஏதும்மா கண்ணாடி? அடுத்த சிக்னல்ல நிக்கற வண்டியோட நம்பரை இங்கிருந்தே படிப்பேன். அதான் தொல்லையே.”

“அப்ப டிவி ரிப்பேர்னு ஏதாவது சொல்லிச் சமாளிங்க.”

“நமக்குப் பொய் வராதும்மா. தினம் சாமி கும்பிடற வாய். மீறிச் சொன்னாலும் குரல் கம்மிடும், அவ உடனே பிடிச்சுடுவா.” வேலைக்கு நேரமாகிவிட, அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். “தெளிவா இருக்கறதை அழிச்சுடாதீங்க தம்பி. ஒரு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்கறேன்.”

“இப்ப மங்கல், அப்புறம் தெளிவா?”

“ஆமா. கடவுள் கைவிட மாட்டார்.”

அவர் போனதும் கடைக்காரன் நாற்காலியில் சாய்ந்தான். “எனக்கு ஒரு மண்ணும் புரியலக்கா.”

“பொண்டாட்டி படுத்துட்டா ஆம்பளைங்க இப்படித்தான், எதுவும் ஓடாது. பாவம்டா. நீ நல்லதாவே போட்டுக் கொடு. படத்தைப் பார்த்ததும் அந்தம்மா முகம் மலர்ந்துடும்.”

அவனுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. உள்ளதிலேயே உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தான். புள்ளிகளை நீக்கி, வெளிறிக் கிடந்த நிறங்களைத் தூக்கிவிட்டான். கதாநாயகியின் இமை முடியை எண்ணிவிடலாம் போலிருந்தது. சாயங்காலம் ஓட்டுநர் வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் பென் டிரைவை அவர் கையில் கொடுத்தான். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு அன்று கடையைச் சாத்தினான்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்பத் தெளிவா இருந்துச்சு தம்பி.” குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

“நல்லா இருக்கட்டுமேன்னுதாண்ணே...”

“தெரியும் தம்பி. நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க. ஆனா நேத்தும் அவ எழுந்து போயிட்டா.”

அக்கா ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “உட்காருங்கண்ணே. அவங்களுக்கு உடம்புக்கு என்ன?”

“கண்ணுல ஆபரேஷன்மா. பயப்பட ஒண்ணுமில்ல, மங்கல் தெளிய ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். அவ மனசுதான் கேக்க மாட்டேங்குது. டிவி போட்டதும், ‘உங்களுக்கு முகம் தெரியுதா?’ன்னு கேக்கறா. தெரியுதுன்னு சொன்னா, ‘அப்ப எனக்கு மட்டும்தானா’ன்னு எழுந்துடறா.”

பென் டிரைவை மேசைமேல் மெல்ல நகர்த்தி வைத்தார்.

“இன்னிக்கு அவ கேக்கறப்ப, ‘எனக்கும் தெரியலடி’ன்னு சொல்லணும் தம்பி. அது உண்மையா இருக்கணும்.”