மூன்று சுற்று பாக்கி

உறையூர் நகைக்கடையின் பின்வாசலை மரகதவல்லி தினமும் பதினோரு முறை கடக்கிறாள் என்று கேமரா சொன்னதால், ஏட்டு செபாஸ்தியான் விசாரிக்க வந்திருந்தார். வந்து பார்த்தால் பின்வாசலை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதைத்தான் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வேண்டுதல் சார். நாப்பத்தெட்டு நாள். இன்னிக்குத்தான் கடைசி, இன்னும் மூணு சுத்து பாக்கி.”

“எதுக்கும்மா வேண்டுதல்?”

“எம்பொண்ணு போலீஸ் பரீட்சை பாஸ் பண்ணிட்டா. வேலை கிடைக்கணும்.”

செபாஸ்தியான் டேப்லெட்டைப் பார்த்தார். கேமராப் படங்களை வைத்து மெஷின் அவள் வீட்டுக்குப் போட்டிருந்த சந்தேக மதிப்பெண் முப்பத்தொன்பது. நாற்பதைத் தொட்ட வீட்டிலிருந்து போலீசுக்கு ஆள் எடுப்பதில்லை. அதையும், பின்வாசலை இன்னொரு முறை கடந்தால் எண் ஏறிவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“நீங்க குறைக்க முடியாதா சார்?”

“ஏத்துறதும் இறக்குறதும் மெஷின்தாம்மா. நாங்க பார்க்கத்தான் முடியும்.”

அவள் பிள்ளையார் பக்கம் கையைக் காட்டினாள். “கோயிலைச் சுத்த முடியலேன்னா நின்ன இடத்துலயே தன்னைத்தானே சுத்திக்கலாம் சார். அவரு ஏத்துக்குவாரு.”

செபாஸ்தியானுக்கு அது புதிதாக இருந்தது. இதற்கு மெஷின் என்ன சொல்லும் என்று அறியவும் ஆசையாக இருந்தது. “சுத்துங்க, பார்ப்போம்” என்றார்.

அவள் கைகூப்பி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றாள். முதல் சுற்றில் எண் அசையவில்லை. இரண்டாவதிலும் அசையவில்லை. மூன்றாவது முடிந்ததும் திரையில் எழுத்துகள் ஓடின: ‘ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று நாலாபுறமும் பார்க்கிறார். மதிப்பெண் நாற்பது.’

மரகதவல்லி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சிரித்தாள். “பிள்ளையார் ஏத்துக்கிட்டாரு. உங்க மெஷின் என்ன சார் சொல்லுது?”