நாற்பத்தொன்பதாம் நாள்

நாற்பத்தொன்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

இன்று நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ளவில்லை.

பீரோக் கண்ணாடி முன் நின்றாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தினாள்.



நேற்று வரை இந்த ஒரு மணி நேரம் அவளுக்கு மௌன விரதம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். வேண்டுதல் என்று சொல்லியிருந்தாள். என்ன வேண்டுதல் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. புருஷனுக்குச் சர்க்கரை குறைய இருக்கும், மகனுக்கு மார்க் ஏற இருக்கும் என்று அவரவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பொம்பிளை வேறு யாருக்கு வேண்டப் போகிறாள்?

அதற்கு முன் அவள் காது ஊருக்குப் பொது.

நாத்தனார் கோமதிக்கு அடுத்த தெரு. சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து, புகுந்த வீட்டுக் கதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, லேசாகி எழுந்து போவாள். அவள் போன பிறகு பெரியம்மா மகள் போனில் அழுவாள். எல்லாம் கேட்டு முடித்தால் ராத்திரி சோற்றைப் பிசையக்கூடக் கையில் தெம்பு இருக்காது.

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாமி பேரைச் சொல்ல வந்தது.

மாமியார் செண்பகவல்லிதான் காவல். ஐந்து மணி அடித்ததும் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். யார் வந்தாலும் ஒரே பதில்.

“விரதமா இருக்கா. தட்டாத.”

உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

கைகளால்.

மாமியாரின் முழங்காலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாளில் தொடங்கியது அது. முன்னால் ஒரு நிறைமாதக்காரி. காது கேளாது, பேச்சும் வராது. வயிற்றைத் தொட்டாள், இடுப்பைத் தொட்டாள், விரல்களை விரித்து என்னவோ சொன்னாள். யாருக்கும் விளங்கவில்லை. சீட்டு எழுதியவர் அவளிடம் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

பின்னால் நின்றிருந்த இவளுக்குத் தன் கைகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இரண்டு கை இருந்தும் ஒரு வார்த்தை தெரியவில்லையே என்று.

அன்றிலிருந்து கைபேசியில் சைகை மொழிப் பாடம். முதல்நிலைத் தேர்வுக்கு இன்னும் இருபது நாள்.

நேற்று விரதம் முடிந்ததென்று மாமியார் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். வலிக்கிற காலோடு நின்று, முந்திரி வறுத்து, நெய் விட்டு வைத்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“முடிஞ்சிட்டுல்லா, இனி சொல்லலாம். யாருக்கு வேண்டிக்கிட்ட?”

இன்னொரு மண்டலம் இருக்கு அத்தை என்றால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“எனக்குத்தான் அத்தை. சாமிகிட்ட ஒண்ணும் வேண்டல.”

எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கும் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவேன் என்பதையும் சொன்னாள்.

மாமியார் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

“சாமி பேரச் சொல்லி என்னைய ஏமாத்திட்டியே.”

அதோடு சரி. ராத்திரி பேசவில்லை. காலையில் காப்பியை வாங்கிக்கொண்டபோதும் பேசவில்லை. இப்போது வீட்டில் மௌன விரதம் இருப்பது மாமியார்தான்.

நாற்காலி இழுபடும் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

சரி என்று கண்ணாடியைப் பார்த்தாள். இன்றைக்கு ஆஸ்பத்திரிப் பாடம். முதல் வாக்கியம், ‘வலி எங்கே இருக்கிறது?’

கை பாதி வாக்கியத்தில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது.

“மதினி! விரதந்தான் முடிஞ்சிட்டுல்லா, கதவத் தொறங்க. எனக்கு மனசே ஆறல.”

கோமதி.

கைகள் நின்றன. கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. பதினாறு வருடப் பழக்கம். பாவமாகவும் இருந்தது. கோமதி பொய்யாக அழுகிறவள் இல்லை.

ஆனால் ஆறு மணிக்கும் அந்த அழுகை இருக்கும். இந்த ஒரு மணி நேரம் இருக்காது.

திரும்பிய காலை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

மறுபடி தட்டினாள் கோமதி. பலமாக. மதினி, மதினி என்று.

அவள் திரும்பவில்லை. கண்ணில் நீர் கட்டியது. துடைத்தால் கை நிற்கும் என்று துடைக்காமல் விட்டாள். கண்ணாடியில் அவள் முகம் கலங்கித் தெரிந்தது, விரல்கள் தெரிந்தன, அது போதும் என்று பாடத்தைத் தொடர்ந்தாள்.

மூன்றாவது தட்டலுக்கு முன் வேறொரு சத்தம்.

தரையில் நாற்காலி இழுபட்டது. யாரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்கள்.

நேற்றிலிருந்து பேசாத குரல் கரகரத்தது.

“தட்டாத கோமதி. அவ வேலையா இருக்கா.”

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்கியது.

அவள் முதல் வாக்கியத்தை மறுபடி தொடங்கினாள். வலி எங்கே இருக்கிறது?

இந்தத் தடவை கண்ணாடியை விட்டுத் திரும்பி, சாத்திய கதவைப் பார்த்துக் கைகளால் கேட்டாள்.