சங்கத்து மெயில்

"எஸினாம், நம்ம பழைய மாணவியர் சங்கத்து மெயில் எல்லாம் ஸ்பாம்லயே போய் விழுதுடி. சரி பண்ணிக் கொடேன்!" என்று மவூசி போனை நீட்டினாள்.

எஸினாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் சாவுக்கு என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்று சங்கம் மெயிலில்தான் சொல்லும். போன வருஷம் அது ஸ்பாமில் போய்விட, எல்லோரும் கறுப்பில் நிற்க, எஸினாம் மட்டும் வெள்ளையில் போய் நின்றாள். "ஸ்பாம்ல பாக்கத் தெரியாதா உனக்கு?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டுச் சிரித்தவள் இதே மவூசிதான்.

இருந்தும் பொறுமையாக உட்கார்ந்து, ஒரு முகவரியைப் போனில் சேர்த்துக் கொடுத்தாள். "இனி நேரா இன்பாக்ஸுக்கே வரும், போ."

வந்தது. 'தலைமையாசிரியை அடக்கத்துக்கு எல்லோரும் சிவப்பு.'

சனிக்கிழமை, அக்ரா தேவாலயத்துக்குள் மவூசி தலைத்துணி முதல் செருப்பு வரை சிவப்பாக நுழைந்தாள். உள்ளே அத்தனை பேரும் வெள்ளை. பாட்டே நின்றுவிட்டது.

"அடிப்பாவி, மெயில்ல சிவப்புன்னுதானே வந்துச்சு!"

வந்ததுதான். ஆனால் எஸினாம் அன்று சேர்த்துக் கொடுத்தது, சங்கத்தின் பெயரில் அவளே புதிதாகத் தொடங்கிய முகவரி. சங்கத்தின் மெயில் வழக்கம்போல ஸ்பாமிலேயே கிடந்தது.

எஸினாம் தன் வெள்ளைத் துணியை நீவிக்கொண்டே, கூட்டத்துக்கே கேட்கும்படி கேட்டாள்:

"ஸ்பாம்ல பாக்கத் தெரியாதா உனக்கு?"