பிடரி வரைக்கும்

"நில்லுப்பா! பின்னாடி என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு இன்னிக்கு நான் பார்த்தே ஆகணும்."

முடி வெட்டி முடித்து, கழுத்தைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்த சலூன்காரர் திடுக்கிட்டார். நாற்காலியில் இருந்தவர் இயற்பியல் வாத்தியார். எட்டு வருஷ வாடிக்கை.

"என்ன சார் ஆச்சு?"

"நான் போர்டு பக்கம் திரும்பினா போதும், கிளாஸே கொல்லுனு சிரிக்குது. நீ பின்பக்கம் கன்னாபின்னான்னு வெட்டி அனுப்பறே!"

சலூன்காரர் அவசரமாகக் கைக்கண்ணாடியை எடுத்து அவர் தலைக்குப் பின்னால் பிடித்தார். எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் வாத்தியாரின் பிடரி தெரிந்தது. வெட்டிய ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"பாருங்க சார், சுத்தமா இருக்கு."

"எப்பவும் இந்தக் கழுத்தைத்தானே காட்டறே? மேலே தூக்கு."

தூக்கினார். மின்விசிறி தெரிந்தது.

"ஃபேனுக்கா முடி வெட்டினே? கண்ணாடியைச் சாய்க்கணும்ப்பா! வெளிச்சம் எந்தக் கோணத்துல வந்து படுதோ, அதே கோணத்துலதான் திரும்பும். என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும் இது!"

"நான் அவ்வளவு படிக்கலை சார்."

இந்தத் தடவை சுவர்க் காலண்டர் தெரிந்தது.

பெஞ்சில் காத்திருந்த பெரியவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"கொடு இப்படி!"

"வேண்டாம் சார்... விட்டுடுங்க சார்..."

"செஞ்ச தப்பை மறைக்கப் பார்க்கறியா? இனிமே இந்தக் கடைப் படியே மிதிக்க மாட்டேன்!"

வாத்தியார் கைக்கண்ணாடியைப் பிடுங்கினார். ஒரு கண்ணை மூடி, மனசுக்குள் கணக்குப் போட்டு, சரியாகச் சாய்த்துப் பிடித்தார்.

உச்சந்தலை வந்து நின்றது. நடுவில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு முடியே இல்லை. மேலே எரிந்த டியூப் லைட் அதில் பளபளவென்று மின்னியது.

"அடப்பாவி! இப்படியா வழிச்சு எடுப்பே?"

"நான் எடுக்கலை சார்," என்றார் சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டு. "அஞ்சு வருஷமா அப்படித்தான் இருக்கு."

வாத்தியார் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் காட்டலை. ஆரம்பத்துல சின்னதா இருந்துச்சு, சுலபமா மறைச்சுட்டேன். அது பெருசாக ஆக, கண்ணாடியை எப்படிச் சாய்ச்சா உங்க கண்ணுல படாதுன்னு மாசாமாசம் கணக்குப் போட்டே, என் தலை நரைச்சுப் போச்சு சார்!"